'காஸ்ட்' என்ற ஆங்கில வினை: நடிகருக்கா, வேடத்துக்கா, நாடகத்துக்கா?

கேள்வி – மேடைக்குறிப்பு

எங்கள் நாடகக் குழுவுக்கு ஆங்கிலத்தில் அறிமுகக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. நடிகர்களைப் பற்றிய பத்திக்கு வந்தால் போதும், 'காஸ்ட்' (cast) என்ற வினையால் குழுவுக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. இறந்தகாலத்துக்கு 'காஸ்டட்' என்று ஒருவர் எழுதுகிறார். அது தவறு என்று இன்னொருவர் அடித்துவிடுகிறார். 'அவர் டாக்டராக நடித்தார்' என்பதற்கு 'ஹீ காஸ்ட் ஆஸ் எ டாக்டர்' என்று எழுதினால் சரியா?

அகராதியைத் திறந்தால் வலை வீசுவது, நிழல் விழுவது, வாக்களிப்பது, இரும்பு வார்ப்பது என்று நீண்டுகொண்டே போகிறது. வேடம் கொடுப்பதற்கும் இவற்றுக்கும் என்ன உறவு? இந்தச் சொல் வாக்கியத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது எனக்குப் புரிய வேண்டும். பொருள்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு நாட்டமில்லை.

பதில் – வசனத்தாள்

நண்பரே, வசன மொழிபெயர்ப்பு என் தொழில். இந்தச் சொல்லோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட வாக்கியம் தவறு. காரணம் எளிது: 'காஸ்ட்' என்பது நடிப்பவர் செய்யும் செயல் அன்று, அவரைத் தேர்ந்தெடுப்பவர் செய்யும் செயல். இயக்குநர் காஸ்ட் செய்கிறார். நடிகர் காஸ்ட் செய்யப்படுகிறார். ஆகவே 'ஹீ வாஸ் காஸ்ட் ஆஸ் எ டாக்டர்' என்று 'வாஸ்' கட்டாயம் வர வேண்டும். நடித்ததைத்தான் சொல்ல விரும்பினால் 'ஹீ பிளேட் எ டாக்டர்' என்று எழுதிவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒருவரை ஒரு வேடத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படப்பிடிப்புக்கு முன்பே மாற்றிவிட்டாலும் அவர் 'வாஸ் காஸ்ட்'தான். ஆனால் அந்த வேடத்தில் அவர் நடிக்கவே இல்லை.

நம்மவர்களுக்கு இதில் கால் இடறுவதற்கு நம் மொழி வழக்கமே காரணம் என்பது என் எண்ணம். தமிழில் நடிகர் வேடம் 'ஏற்கிறார்', 'பூணுகிறார்', 'கட்டுகிறார்'. மூன்றிலும் செயல் அவருடையது. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் நடிகரை எழுவாயாக வைத்துச் செய்வினையில் எழுதத்தான் கை போகும்.

அடுத்து, இந்த வினை எதைச் செயப்படுபொருளாக எடுக்கும் என்று பாருங்கள். நடிகரைக் காஸ்ட் செய்யலாம்: ஒருவருக்கு வேடம் கொடுப்பது. வேடத்தையே காஸ்ட் செய்யலாம்: அந்தத் தாய் வேடத்துக்கு ஆள் பிடிப்பது. முழு நாடகத்தையும் காஸ்ட் செய்யலாம்: எல்லா வேடங்களுக்கும் ஆட்களை முடிவு செய்வது. 'தி பிளே இஸ் காஸ்ட்' என்றால் நடிகர் தேர்வு முடிந்துவிட்டது என்று பொருள். தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டு எழுத முடியாது. வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

முன்னிடைச் சொற்களில் குழப்பம் குறைவு. பாத்திரத்தின் பெயரோ தொழிலோ வந்தால் 'ஆஸ்'. படம், நாடகம், 'ரோல்' என்ற சொல் வந்தால் 'இன்'. இன்னொருவருக்கு ஜோடியாகவோ எதிர்நின்றோ நடிக்கத் தேர்வானால் 'ஆப்போசிட்'.

பதில் – சொல்வேர்

வேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'காஸ்டா' என்றால் எறி. அது ஆங்கிலத்துக்கு வந்து நெடுங்காலம் 'எறி' என்பதற்கே பொதுச்சொல்லாக இருந்தது. பிறகு 'த்ரோ' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வலை, தூண்டில், நங்கூரம், பகடை போன்ற சிலவற்றில் மட்டும் பழைய சொல் தங்கிவிட்டது. கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைக் கடந்தபோது ரோமத் தளபதி சீசர் சொன்னதாக வழங்கும் 'தி டை இஸ் காஸ்ட்' என்பதில் வருவதும் பகடைதான். அதை அச்சு வார்ப்பு என்று படிப்பவர்கள் நிறைய; அது பிழை.

வேடம் கொடுக்கும் பொருள் நேராக 'எறி'யிலிருந்து வரவில்லை. இடையில் 'கணக்கிடு, வகுத்து ஒழுங்கு செய்' என்ற பொருள் ஒன்று வளர்ந்தது. ஜாதகம் கணிப்பதற்கு இன்றும் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்றே சொல்கிறார்கள். இன்னாருக்கு இன்ன பங்கு என்று வகுத்துக் கொடுப்பது அந்த வழியில் வந்தது. நடிகரை அச்சில் ஊற்றி வார்ப்பதாகச் சிலர் விளக்குவார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் நம்ப வேண்டாம்.

பதில் – இலக்கணப்பெட்டி

காலங்களைப் பற்றி மட்டும். நிகழ்காலம், இறந்தகாலம், 'வாஸ்' போன்றவற்றோடு வரும் 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' வடிவம் மூன்றும் 'காஸ்ட்'தான். 'காஸ்டட்' என்பதை அச்சில் தவிர்த்துவிடுங்கள். 'ஃபோர்காஸ்ட்', 'பிராட்காஸ்ட்' இரண்டுக்கும் 'டட்' சேர்ந்த வடிவத்தையும் அகராதிகள் ஏற்கின்றன. உங்கள் குழுவில் குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

மேடைக்குறிப்பு

மூவருக்கும் நன்றி. தொடர்ந்து ஒரு ஐயம். செய்திக் கட்டுரைகளில் ஓர் அரசியல்வாதி தன்னையே 'காஸ்ட்' செய்துகொண்டதாக எழுதுகிறார்கள். அங்கே மேடையும் இல்லை, இயக்குநரும் இல்லை. என்ன பொருளில் வருகிறது?

பதில் – வசனத்தாள்

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். 'ஹீ காஸ்ட் ஹிம்செல்ஃப் ஆஸ் எ விக்டிம்' என்றால், தன்னைப் பாதிக்கப்பட்டவராகக் காட்டிக்கொண்டார் என்று பொருள். அவர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவரா என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. ஒரு கதையை அமைத்து, அதில் தனக்கு ஓர் இடத்தை அவரே ஒதுக்கிக்கொண்டார் என்பதோடு நின்றுவிடுகிறது. அதேபோல ஓர் அறிக்கை தொழிலாளர்களை வில்லன்களாகக் 'காஸ்ட்' செய்கிறது என்று எழுதினால், அந்தச் சித்திரிப்பு அறிக்கை எழுதியவருடையது, எனக்கு அதில் பொறுப்பில்லை என்று கட்டுரையாளர் விலகி நிற்கிறார்.

இதை மொழிபெயர்க்கும்போது 'அவர் பாதிக்கப்பட்டவர் ஆனார்' என்று எழுதிவிட்டால் அந்த விலகல் முழுவதும் போய்விடும். எழுதாத தீர்ப்பை எழுதியவர் தலையில் கட்டிவிடுவோம். 'சித்திரித்தார்', 'காட்டிக்கொண்டார்', 'இந்தக் கதையில் அவருக்கு வில்லன் வேடம் கொடுக்கப்படுகிறது' என்று இடத்துக்கேற்ப எழுதலாம். செய்தி மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் இதில் கவனம் வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் குடும்பத்துச் சொற்களிலும் பொறுப்பு தேர்ந்தெடுத்தவர் பக்கமே இருக்கிறது. 'மிஸ்காஸ்ட்' என்று ஒரு நடிகரைச் சொன்னால் அவர் மோசமாக நடித்தார் என்பதல்ல, பொருந்தாத வேடத்தில் அவரைப் போட்டுவிட்டார்கள் என்பதே பொருள். 'டைப்காஸ்ட்' என்றால் ஒருமுறை நன்றாகச் செய்த வேடத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்து ஒருவரை முடக்குவது. விமர்சனத்தில் இவற்றை நடிகரின் குறையாக எழுதுவது அநியாயம்.

பதில் – ஒத்திகைக்கூடம்

ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தத் தேர்வு வேலை தனிக் கலை என்று விருதுக் குழுக்கள் ஏற்கவே காலம் பிடித்தது. பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா 2020இல்தான் அதற்கென விருது வைத்தது. ஆஸ்காரில் 2025இல் வெளியான படங்களிலிருந்துதான் அந்தப் பிரிவு.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர்களுக்கு. விலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் நாம் இதே எழுத்துகளில்தான் எழுதுகிறோம். சாதியைக் குறிக்கும் சொல் போர்ச்சுகீசியத்தின் 'காஸ்டா'விலிருந்து வந்தது. இந்த வினைக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆகவே தமிழ்க் குறிப்பில் 'காஸ்ட் விவரம்' என்று போடாதீர்கள், 'நடிகர்கள்' என்றே போடுங்கள்.

மேடைக்குறிப்பு

தமிழ்க் குறிப்பில் 'நடிகர்கள்' என்று இன்றே மாற்றிவிட்டேன். ஆங்கிலக் குறிப்பில் 'வாஸ் காஸ்ட் ஆஸ்' என்பதை ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'பிளேஸ்' போட்டிருக்கிறேன்.