வீட்டு வீடியோ ரெக்கார்டருக்கு எந்த சாட்டிலைட் டியூனர் கார்டு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரம் மொட்டைமாடி:

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீடியோ ரெக்கார்டராக மாற்ற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த கார்டு வாங்கலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால், டிஷ் சிக்னலைப் பிடித்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அந்த டியூனர் கார்டைப் பற்றிக் கடைசியாக யோசித்தால் போதும். முதலில் மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள். எந்த சாட்டிலைட், உங்களுக்கு வேண்டிய சேனல்கள் எத்தனை டிரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டிலிருந்து பல சேனல்களை ஒன்றாகச் சுமந்து வரும் அலைவரிசை) இருக்கின்றன, வீட்டுக்குள் எத்தனை கேபிள் இறங்குகிறது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி கார்டுகள் தானாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் டிடிஎச் சேவைகளை இந்த கார்டுகளில் பார்க்க முடியாது. சிக்னல் லாக் ஆகும், சேனல் பெயர்கூடப் பட்டியலில் வந்துவிடும், படம் மட்டும் வராது. அவை பூட்டப்பட்ட ஒளிபரப்புகள். அந்தந்த நிறுவனத்தின் பாக்ஸில்தான் திறக்கும். ஆகவே நம் ஊரில் டியூனர் கார்டு என்றால் டிடி ஃப்ரீ டிஷ், அப்புறம் சி-பேண்டில் (பெரிய டிஷ் வைத்துப் பிடிக்கும் அலைவரிசை) திறந்து கிடக்கும் சேனல்கள். அவ்வளவுதான். ஆனால் அதுவே எங்கள் வீட்டுக்குத் தாராளம். அம்மாவுக்கு டிடி தமிழில் வரும் கச்சேரிகள் வேண்டும் (2024 ஜனவரி வரை அது பொதிகை, அம்மாவுக்கு இன்றும் பொதிகைதான்), எனக்கு கிரிக்கெட்.

ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. இப்போது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15இலிருந்து வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, எம்பெக்-2 என்ற பழைய முறையில் படத்தைச் சுருக்கி அனுப்பும் சேனல்கள் டிவிபி-எஸ் என்ற பழைய ஒளிபரப்பு முறையிலும், பின்னால் சேர்ந்த எம்பெக்-4 சேனல்கள் டிவிபி-எஸ்2 என்ற அடுத்த முறையிலும் வருகின்றன என்பது. டிவிபி-எஸ் மட்டுமே தெரிந்த, கம்ப்யூட்டரின் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் பழைய கார்டு மலிவாகக் கிடைக்கும். அதை மாட்டினால் முதல் வகை மட்டும் வரும், இரண்டாவது வகை அந்த கார்டுக்கு வெறும் இரைச்சல். சி-பேண்டிலும் எஸ்2தான் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறது. இன்றைக்கு எஸ்2 இல்லாத கார்டை யாராவது சும்மா கொடுத்தால்கூட நான் வாங்க மாட்டேன்.

அடுத்து, எத்தனை டியூனர். நாலு சேனலை ஒரே நேரத்தில் பதிவு செய்ய நாலு டியூனர் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. டிரான்ஸ்பாண்டர் ஒரு பஸ் மாதிரி. பத்துப் பன்னிரண்டு சேனல்கள் அதில் ஒன்றாக ஏறி வருகின்றன. டியூனர் அந்த பஸ்ஸைப் பிடித்துவிட்டால் அதில் இருக்கும் எத்தனை பேரை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டிவிஹெட்எண்ட் மாதிரியான ரெக்கார்டர் மென்பொருள் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். ஆகவே சேனலை எண்ணாதீர்கள், நீங்கள் ஒரே நேரத்தில் பதிவு செய்யக்கூடிய சேனல்கள் எத்தனை டிரான்ஸ்பாண்டரில் சிதறிக் கிடக்கின்றன என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் இரண்டைத் தாண்டியதே இல்லை.

கார்டின் வேகம், ஸ்லாட்டின் அகலம் என்றெல்லாம் குழப்பிக்கொள்ள வேண்டாம். முழு டிரான்ஸ்பாண்டரே வினாடிக்கு 30, 40 மெகாபிட்தான். பிசிஐ எக்ஸ்பிரஸின் மிகச் சின்ன ஸ்லாட்டுக்குக்கூட அது ஒன்றுமே இல்லை. டிஸ்க் கணக்கும் எளிது. ஒரு மெகாபிட் வேகம் என்றால் மணிக்கு 450 எம்பி. நாலு மெகாபிட் சாதாரண சேனல் மணிக்கு 1.8 ஜிபி, எட்டு மெகாபிட் எச்டி சேனல் 3.6 ஜிபி.

உண்மையில் கார்டைத் தீர்மானிப்பது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான் முதலில் வைத்திருந்தது ஒரு நிறுவனத்தின் நாலு டியூனர் கார்டு. சிக்னல் பிடிப்பதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதன் டிரைவர் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில் கிடையாது. நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டும். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் அந்த வேலை மறுபடியும். மார்கழியில் ஒரு நாள் மதியம் சிஸ்டம் தானாகவே அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. சாயங்காலம் பார்த்தால் டிவிஹெட்எண்டில் டியூனர் பெயர்கள் வர வேண்டிய இடம் காலி. கச்சேரி பதிவாகவில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கச்சேரி மறுபடி வரவே இல்லை.

அதன் பிறகு, டிரைவர் கர்னலிலேயே இருக்கும் இரட்டை டியூனர் கார்டு ஒன்றுக்கு மாறிவிட்டேன். அப்டேட் எத்தனை வந்தாலும் இது அசைவதில்லை. வாங்கும் முன் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கும் மாடல் எண்ணை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில், உள்ளே வேறு வேறு சிப் வைத்து இரண்டு மூன்று பதிப்புகள் வந்திருக்கும். சிக்னலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் டீமாடுலேட்டர் சிப் கார்டில் எது, அந்தப் பதிப்புக்குக் கர்னலில் டிரைவர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பீளமேடு வாசகன்:

தாம்பரம் சார், அருமையாகச் சொன்னீர்கள். நான் கொஞ்சம் கரண்ட் பக்கத்தைச் சொல்கிறேன். கார்டு வாங்குகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

என்னுடையது எட்டு அடி சி-பேண்ட் டிஷ், 66 டிகிரி கிழக்கில் இன்டெல்சாட்-17ஐப் பார்த்து நிற்கிறது. கூடவே ஒரு சின்ன டிஷ்ஷில் ஃப்ரீ டிஷ். இரண்டையும் டைசெக் சுவிட்ச் வழியாக ஒரே கேபிளில் இறக்கி, சின்னதாக ஒரு யுஎஸ்பி டியூனரில் செருகியிருந்தேன். ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸ், வெர்டிகல் (அலை நிமிர்ந்து வரும் வகை; படுத்து வருவது ஹரிசாண்டல்) டிரான்ஸ்பாண்டர் உடனே லாக் ஆனது. சி-பேண்டிலும் வெர்டிகல் சேனல்கள் வந்தன. ஹரிசாண்டல் சேனல் ஒன்றுகூட வரவில்லை.

டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன், எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பெட்டி) மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டரோடு மாடிக்கு வந்தார். எல்என்பி முனையில் கேபிளைக் கழற்றாமல், ஒரு டி கனெக்டர் போட்டு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தார். ஹரிசாண்டலுக்கு 18 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 15ஐக்கூடத் தொடவில்லை. எல்என்பிக்கு 13 வோல்ட் வந்தால் வெர்டிகல், 18 வந்தால் ஹரிசாண்டல். நடுவே 15 பக்கம் அது ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். அதற்குக் கீழே போனால் "வெர்டிகல்தான் கேட்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்ளும்.

குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று, டியூனரோடு வந்த வத்தலான அடாப்டர். பழைய சி-பேண்ட் எல்என்பி கேட்கும் கரண்டை அதனால் தர முடியவில்லை. இன்னொன்று கேபிள். மேலே செம்பு முலாம், உள்ளே இரும்பு. காந்தத்தைக் கம்பியின் நுனியில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. நல்ல செம்புக் கம்பியில் ஒட்டாது. சிக்னலுக்கு அந்த இரும்புக் கம்பி போதும், ஏனென்றால் அந்த அதிர்வெண்ணில் சிக்னல் மேல்தோலிலேயே ஓடிவிடும். வோல்டேஜ் முழுக் கம்பியிலும் ஓட வேண்டும். அங்கேதான் நீளமான கேபிளில் இரண்டு மூன்று வோல்ட் காணாமல் போகிறது.

இப்போது செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6 கேபிள், எல்என்பிக்கான மின்சாரத்தை கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் மூலம் நேரடியாக எடுக்கும் கார்டு. எல்லாச் சேனலும் வருகிறது. பெரிய டிஷ் வைத்திருப்பவர்கள் கார்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் அந்த நாலு முனை பவர் சாக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டோர்ட்முண்டிலிருந்து:

வணக்கம். நான் இருப்பது ஜெர்மனியில். இங்கே கதை கொஞ்சம் வேறு, ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

வீட்டு ரெக்கோடர் என்ற விளையாட்டு இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. கிளவுஸ் ஷ்மிடிங்கர் எழுதிய விடிஆர் மென்பொருள் 2000ஆம் ஆண்டில் வந்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கனவு, "ஃபுல் ஃபீச்சர்ட்" என்று சொல்லப்பட்ட ரியூனர் காட். காட்டிலேயே எம்பெக்-2ஐப் படமாக்கும் சிப் இருக்கும், காட்டிலிருந்தே வயர் நேராக ரிவிக்குப் போகும். கொம்பியூட்டர் எவ்வளவு பழசாக இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் ஒன்று இருந்தது, பல வருசம் உழைத்தது. ஆனால் எச்டி வந்ததும் அந்த சிப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது எந்தச் சின்னக் கொம்பியூட்டரும் எச்டி படத்தைத் தானே காட்டும், அதனால் காட் சற்றலைற் ஓடையைப் பிடித்துக் கொடுத்தால் போதும். யாராவது பழைய ஃபுல் ஃபீச்சர்ட் காட்டை "பெரிய காட்" என்று சொல்லி விற்றால் வாங்க வேண்டாம்.

இங்கே 19.2 டிகிரி கிழக்கில் இருக்கும் அஸ்ட்ரா சற்றலைற்தான் எல்லார் வீட்டிலும். அனலொக் ஒளிபரப்பு 2012 ஏப்ரல் 30இல் முடிந்தது. பிறகு இங்குள்ள பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏஆர்டி தன் எஸ்டி (சாதாரணத் தெளிவு) ஒளிபரப்பையும் சற்றலைற்றில் 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எச்டி முழுக்க எஸ்2. தாம்பரம் அண்ணா சொன்னதை இங்கே காலமே நடத்திக் காட்டிவிட்டது.

கேபிள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண எல்என்பியில் ஒரு ரியூனருக்கு ஒரு கேபிள் வேண்டும். இரண்டு ரியூனர் உள்ள காட் வாங்கிவிட்டு ஒரு கேபிளைப் பிரித்துக் கொடுத்தால், ஒன்று ஹரிசொன்டல் கேட்கும்போது மற்றது வேர்ட்டிக்கல் கேட்கும், இரண்டும் சண்டை பிடிக்கும். அடுக்குமாடி வீட்டில் புதுக் கேபிள் இழுக்க வீட்டுக்காரர் விடவில்லை. அதனால் யூனிகேபிள் எல்என்பி போட்டேன். ஒவ்வொரு ரியூனருக்கும் ஒரு தனி அதிர்வெண் ஒதுக்கி, ஒரே கேபிளில் எட்டு ரியூனர் வரைக்கும் ஓடும். புதிய ஜெஸ் முறையில் 32 வரைக்கும் போகலாம். விடிஆரில் ஒரு சின்னக் கோப்பில் அந்த அதிர்வெண்களை எழுதிவிட்டால் சரி. டிஜிட்டல் டிவைசஸ் என்ற நிறுவனத்தின் காட் போட்டிருக்கிறேன், டிரைவர் கர்னலில் இருக்கிறது, பிரச்சினை இல்லை.

நாகர்கோவில் டிஷ்:

சி-பேண்ட் வைத்திருக்கும் எல்லோருக்கும்: கார்டைக் குறை சொல்லும் முன் பக்கத்தில் 5ஜி டவர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தெருமுனையில் வந்த பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேனல்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்தன. பதிவுகளைப் போட்டுப் பார்த்தால் நிமிடத்துக்கு நூறு பிழை. வேறு கார்டு மாற்றிப் பார்த்தும் அதே கதி.

இங்கே 5ஜி 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். நம் சேனல்கள் 3700க்கு மேலே. பழைய எல்என்பிகளோ 3400இலிருந்தே காதைத் திறந்து வைத்திருக்கின்றன. டவரின் சத்தத்தில் எல்என்பியே திணறிவிடுகிறது. கீழே எவ்வளவு நல்ல கார்டு இருந்தும் பயனில்லை. ஃபீடுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் குழல்) எல்என்பிக்கும் நடுவே 3700 முதல் 4200 வரை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினேன். அன்றிலிருந்து சுத்தம்.

ஸ்ரீரங்கம் புதுசு:

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவு மினி பிசி. ஸ்லாட்டே கிடையாது. ஃப்ரீ டிஷ் மட்டும் போதும். யுஎஸ்பி வாங்கலாமா?

டோர்ட்முண்டிலிருந்து:

தம்பி, சற்-ஐபி பெட்டி என்று ஒன்று உண்டு. டிஷ் கேபிள் அதற்குள் போகும், மறுபக்கம் நெற்வேர்க் வயர் வெளியே வரும். 2012இல் வந்த முறை, டிவிஹெட்எண்டும் விடிஆரும் அதைப் பேசும். பெட்டியை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம், கொம்பியூட்டரில் டிரைவரே வேண்டாம்.

தாம்பரம் மொட்டைமாடி:

அது நல்ல வழி, ஆனால் நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் கூடும். ஃப்ரீ டிஷ் மட்டும் என்றால் தம்பிக்கு ஒற்றை யுஎஸ்பி டியூனரே போதும். சின்ன எல்என்பி என்பதால் பீளமேடு நண்பர் சொன்ன கரண்ட் தொல்லையும் பெரிதாக இருக்காது. ஒன்று மட்டும்: பதிவு நேரத்துக்கு மினி பிசி தூக்கத்திலிருந்து தானே விழித்துக்கொள்ளும்படி வைத்தால், யுஎஸ்பி டியூனர் சில நேரம் அதோடு விழிக்காது. பதிவுக்குப் பத்து நிமிடம் முன்னால் விழிக்க வைத்து, டியூனரின் டிரைவரை ஒருமுறை இறக்கி ஏற்றும் ஸ்கிரிப்ட் போட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதை இங்கேயே நாளைக்குப் பதிகிறேன். நீங்கள் எந்த மாடல் பார்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள், சிப் எது என்று சேர்ந்து தேடுவோம்.