இன்னர் லைட் எபிசோட்: பிக்கார்டைக் கேக்காமலே அந்த வாழ்க்கையைக் குடுத்தது நியாயமா?

தெம்பனிஸ்வாசி:
வேலை முடிஞ்சி வந்து ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்கற விண்வெளி டிவி சீரியல்ல "தி இன்னர் லைட்" எபிசோடை இப்பதான் முதல் தடவையா பாத்தேன், தூக்கமே வரல. 1992-ல வந்த எபிசோட், இத்தன வருஷமா ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே! பாக்காதவங்க இதோட நிறுத்திடுங்க, பாத்துட்டு வாங்க.

கேப்டன் பிக்கார்ட் அவரோட விண்வெளிக் கப்பல்ல மயங்கிக் கெடக்குறது வெறும் 25 நிமிஷம், அதுக்குள்ள கட்டான்ங்கற கிரகத்துல காமின்ங்கற ஆளா பொண்டாட்டி, புள்ளைங்க, பேரப்புள்ளைன்னு ஒரு முழு ஆயுசையே வாழ்ந்துடுறாரு. அஞ்சு வருஷமா டெலஸ்கோப்பும் கையுமா தன்னோட கப்பலைத் தேடுனவரு, ஒருநா பொண்டாட்டி எலீன்கிட்ட வந்து வீட்டுல ஒண்ணு கட்டணும், நீ சரின்னு சொல்லணும்ங்கறாரு. பாத்தா அது கொழந்தைக்கு ரூம்! அங்கயே நான் அழுதுட்டேன். சண்ட இல்ல, வில்லன் இல்ல, ஒரு மனுசன் தேடுறதை விட்டுட்டு வாழ ஆரம்பிக்கிறான், அதைப் போயி இவ்ளோ அழகா எடுத்திருக்காங்க.

கேள்வி என்னன்னா, அந்த மக்கள் அழிஞ்சே ஆயிரம் வருஷம் ஆச்சு, அவங்க அனுப்பின ப்ரோப்தான், அதாவது ஆளில்லாத சின்ன விண்கலம்தான், பிக்கார்ட் மேல ஒரு பீமைப் பாய்ச்சி இதெல்லாம் செஞ்சிது. ஒருத்தரைக் கேக்காமலே இப்படி ஒரு ஆயுசைத் திணிக்கலாமா? அப்புறம், பின்னாடி வர்ற எபிசோட்ல இதைப் பத்திப் பேசுறாங்களா?

உட்லண்ட்ஸ் அக்கா:
தம்பி, நியாயம்தான்னு சொல்லுவேன். அந்த ஊருல மழை இல்லாம மண்ணே செத்துப்போச்சுன்னு மக மெரிபோர் கண்டுபுடிக்கிறா பாருங்க, அங்க எனக்கு எங்கம்மா ஞாபகம். 1963-ல சிங்கப்பூர்ல தண்ணி ரேஷன், மாசக்கணக்கா வாளியைத் தூக்கிட்டு தெருக்குழாயில நின்னதை இன்னும் சொல்லுவாங்க. நமக்கு மழை திரும்பி வந்துச்சு, கட்டானுக்கு வரல, அவங்க சூரியனே வெடிக்கப் போவுது. நாங்க இருந்தோம்னு யார்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போகணும்ல? எலீன் சாகுறப்ப கூட ஷூவை எடுத்து வைக்க மறந்துடாதீங்கன்னு புருஷன்கிட்ட சொல்றா. வாசல்ல செருப்பு எறைஞ்சி கெடந்தா நான் தெனமும் கத்துறதுதான் அது.

ஈசூன் ட்ரெக்கர்:
அக்கா, நான் ஒத்துக்க மாட்டேன். கப்பல்ல இருந்தவங்க அந்த பீமை வெட்டப் பாத்தப்ப பிக்கார்ட் உசுரே போகப் பாத்துச்சு. நல்ல எண்ணம்தான், ஆனா அவரு முழிச்சி எந்திரிக்கையில மொத்தக் குடும்பமும் போயிடுச்சே, அந்தத் துக்கத்த யாரு சொமக்குறது? அவரு ஒருத்தர்தானே. எபிசோட் சூப்பர், அதுல பேச்சே இல்ல, 1993-ல அறிவியல் புனைகதைக்குக் குடுக்குற ஹ்யூகோ விருதே வாங்கிச்சு. காமினோட மகன் பட்டாய் வேஷத்துல வர்ற பையன் நெஜமாவே பிக்கார்டா நடிச்ச பேட்ரிக் ஸ்டூவர்ட்டோட மகன் டேனியல், தெரிஞ்சிட்டு இன்னொரு தடவ பாருங்க.

புரோ, பின்னாடி வருது. ஆறாவது சீசன்ல "லெஸன்ஸ்". நெல்லா டேரன்னு ஒரு ஆபீசர் பியானோ வாசிப்பாங்க, அவங்ககிட்டதான், காமினா இருந்தப்ப வாசிச்ச அந்தப் புல்லாங்குழல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பிக்கார்ட் மனசு விட்டுச் சொல்லுவாரு. எக்கோ நல்லா இருக்குன்னு கப்பலோட குறுகலான டியூப்புக்குள்ள போயி ரெண்டு பேரும் சேந்து வாசிப்பாங்க, மிஸ் பண்ணிடாதீங்க.

தெம்பனிஸ்வாசி:
டேனியல் விஷயம் தெரியவே தெரியாது புரோ, நன்றி! ஆனா துக்கம் ஒருத்தருக்குன்னு சொன்னீங்கள்ல, அந்தச் சந்தோஷமும் அவருக்குத்தானே கெடச்சிது? கப்பல்ல குடும்பம் வேணாம்னு இருந்த மனுசன் அவரு. நான் அக்கா கட்சி. லெஸன்ஸ் பாத்துட்டு வர்றேன், சண்டையை அப்புறம் வச்சிக்கலாம்.