ஐப்பசியில் அழுகிய யூக்கா: மதுரை வீடுகளில் பாலைவனச் செடி வளர்த்தவர்கள் பட்ட பாடு

திருநகர், மொட்டைமாடி

இந்த ஐப்பசியில் என் யூக்கா செத்தது. கொன்றேன் என்று சொல்வதே சரி. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளத்தில் கால் வைக்க முடியாமல் நான் குதித்துக் குதித்து ஓடிய நாட்களிலெல்லாம் வாளை நட்டு வைத்ததுபோல நின்ற செடி அது. நான்கடி உயரம், ஒரு தண்டில் மூன்று தலை. அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரியில் 900 ரூபாய் கொடுத்து வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தீபாவளியை ஒட்டி நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு தலை சாய்ந்திருந்தது. குருத்தைப் பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் புளித்த மாவின் வாடை. தண்டை விரலால் அழுத்தினால் அழுகிய பூசணிக்காய்போல உள்ளே அமுங்கியது.

தொட்டியைக் கவிழ்த்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே தெரிந்தது. நர்சரியில் வைத்துக் கொடுத்த தென்னைநார்த் துகள் உருண்டையை நான் உடைக்கவே இல்லை. அப்படியே தூக்கித் தோட்டத்து மண்ணுக்குள் இறக்கியிருந்தேன். பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வடிந்தது. போதாக்குறைக்குத் தளத்தில் கறை படியக் கூடாது என்று தொட்டிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வேறு. அதில் கொசுப்புழு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பாலைவனச் செடிக்கு நாம் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மேலே இருந்து ஊற்றுபவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு தலை மட்டும் கெட்டியாக இருக்கிறது. அறுத்து நிழலில் போட்டிருக்கிறேன். இதே பாடு பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை, ஓய்வு பெற்றவன்

தம்பி, முதலில் ஒரு செய்தி. நீங்கள் வாங்கியது இலை நுனியில் முள் குத்தாத யூக்காவாக இருந்தால் அது பாலைவனச் செடியே இல்லை. தென் மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அதன் ஊர். நம்மைவிட அதிக மழை பார்த்த செடி. எல் சால்வடாரில் அதன் பூதான் தேசிய மலர். வெள்ளை மணிகளாகத் தொங்கும் அந்தப் பூவை அங்கே முட்டையோடு வதக்கிச் சாப்பிடுகிறார்கள், நாம் முருங்கைப்பூவைச் செய்வதுபோல. ஆகவே மழை பட்டதால் அது சாகவில்லை. மழை வடியாததால் செத்தது. இரண்டும் வேறு.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. ‘யூக்கா’ என்பது கரீபியப் பகுதியில் மரவள்ளிக்கு வழங்கிய பெயர். ஐரோப்பியத் தாவரவியலாளர் ஒருவர் இந்தச் செடியை மரவள்ளி என்று நினைத்துவிட்டார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-இல் அந்தப் பெயரையே நிலைநிறுத்திவிட்டார். மரவள்ளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த சம்பந்தி, பெயரைக் கேட்டுவிட்டு, “கிழங்கு எப்போது தோண்டுவீர்கள்?” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்கள்.

என் கலவை இது: செம்மண் ஒரு பங்கு, கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி இரண்டு பங்கு, செங்கல் நொறுக்கு ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி கரி. ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். எம்-சாண்ட் போடுகிறவர்கள் தண்ணீரில் நாலு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். அதில் இருக்கும் கல்தூளோடு போட்டால் ஆறு மாதத்தில் தொட்டிக்குள் தளம் போட்டதுபோல இறுகிவிடும். தொட்டி, மானாமதுரை மண்தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு நாள் நிற்கும் ஈரம் அதில் இரண்டு நாளில் காய்ந்துவிடும். சுவர் வழியாகவும் ஈரம் போகும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று தெரிந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறுத்த தலையை உடனே நடாதீர்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டட்டும். பத்து நாள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. தலைகீழாக மட்டும் நட்டுவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், இலை இல்லாத கட்டையை நடும்போது நான் ஒரு முறை நட்டிருக்கிறேன்.

கே.கே. நகர்

என்னுடையது துக்கக் கதையா, வேடிக்கைக் கதையா என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று வருடம் முன்பு கண்காட்சியில் ஒரு குட்டிக் கள்ளி வாங்கினேன். பச்சைத் தண்டின் மேல் குங்கும உருண்டை வைத்ததுபோல இருந்தது. பச்சையமே இல்லாத கள்ளி அந்தச் சிவப்பு உருண்டை. தானாகச் சமைத்துச் சாப்பிட முடியாது. அதனால்தான் வேறொரு கள்ளியின் தலையை வெட்டி அதன்மேல் ஒட்டி விற்கிறார்கள். இது எனக்கு அப்போது தெரியாது. ஒன்றரை வருடத்தில் சிவப்பு உருண்டை சுருங்கி விழுந்தது. அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருந்த பச்சைக் குச்சியைத் தூக்கிப்போட மனம் வராமல் மதில் ஓரம் ஊன்றினேன். அது மதிலைப் பிடித்து ஏறி, கொடியாகி, போன ஆனியில் உள்ளங்கையை மிஞ்சும் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பூ பூத்தது. இரவில் பூத்து விடியலில் வாடிவிட்டது. அண்டை வீட்டு அக்காள் பார்த்துவிட்டு, “இது டிராகன் பழச் செடி அல்லவா?” என்றார். ஆமாம், ஒட்டுக்கு அடித்தண்டாகப் பயன்படுத்துவது அந்த இனத்தைத்தானாம். அரசன் செத்தான், சிவிகை தூக்கியவன் பட்டத்துக்கு வந்தான்.

இன்னொன்று. மேற்கு வங்கத்துக் காளிம்போங்கிலிருந்து தபாலில் வரவழைத்த தங்கநிற உருண்டைக் கள்ளியைப் பிரித்த அன்றே பங்குனி வெயிலில் வைத்தேன். மெக்சிகோவில் பிறந்த இனம், மதுரை வெயில் என்ன செய்யும் என்ற தைரியம். மூன்றே நாளில் மேற்குப் பக்கம் வெளுத்துத் தழும்பாகிவிட்டது. பிறந்தது எங்கேயாக இருந்தாலும் அது வளர்ந்தது நிழல்வலைக்குள். ஊருக்குப் போன பட்டணத்துப் பிள்ளை முதல் நாளே வயலில் இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான். இப்போது புதுச் செடி எது வந்தாலும் முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும்.

உசிலம்பட்டிப் பக்கம்

எங்களுடையது கரிசல். மழையில் களிம்பு, கோடையில் கைவிரல் நுழையும் வெடிப்பு. இதில் நேராகக் குழி தோண்டி யூக்கா நட்டால் கிணற்றில் போட்ட கல்தான். நான் இரண்டடி உயரத்துக்குச் சரளை மேடு கட்டி அதன்மேல் நட்டேன். ஐந்து வருடமாக நிற்கிறது. அதற்கு மேல் யூக்காவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல இருப்பது ஆனைக்கற்றாழையைப் பற்றி. எங்கள் தாத்தா வரப்பில் வைத்தது. ரயில் பாதை ஓரம் வேலியாக நிற்குமே, அந்த வகை. என் சிறு வயதில் மட்டையை வெட்டிக் கண்மாயில் ஊறப்போட்டு நார் எடுப்பார்கள். அந்தச் சாறு பட்டால் தோல் பற்றிக்கொண்டு அரிக்கும். ஊசி ஊசியான உப்புப் படிகங்கள் அதற்குள் இருக்கின்றன என்பது பின்னால் படித்துத் தெரிந்தது. அப்போது தெரிந்தது அரிப்பு மட்டும்தான். கை வைக்காத பனியனோடு மட்டை வெட்டப் போனவன் மறு வருடம் முழுக்கைச் சட்டையோடு போவான்.

அந்தப் புதரில் ஒன்று நாலு வருடம் முன்பு திடீரென்று நடுவிலிருந்து மூங்கில் கழிபோல ஒரு தண்டு விட்டது. வாரா வாரம் வளர்ந்து வீட்டுக் கூரையைத் தாண்டியது. மஞ்சள் பூக்கள் அடுக்கடுக்காக வந்தன, சாயங்காலம் வௌவால் வந்தது. ஊரே வந்து பார்த்தது. அதன்பின் செடி அடியிலிருந்து காய ஆரம்பித்தது. வாழை குலை தள்ளினால் தாய்மரம் போவதுபோலத்தான், வாழ்நாளில் ஒரே பூ. பல வருடம் மட்டையில் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த ஒரு தண்டுக்குக் கொடுத்துவிடுகிறது. மருந்து அடித்துக் காப்பாற்றலாமா என்று நாலைந்து பேரிடம் கேட்டேன். காப்பாற்ற அங்கே நோய் எதுவும் இல்லை. சுற்றிலும் பதினொரு குட்டி நின்றது.

வீட்டுக்குள் கள்ளி வைக்க மட்டும் அப்பத்தா கடைசிவரை விடவில்லை. முள் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பதற்காக இல்லை. கள்ளிப்பால் என்ற சொல் எங்கள் பக்கத்தில் எதற்குப் பேர்போனது என்று உங்களுக்குத் தெரியும். பூச்சாடியில் வந்தது வேறு கள்ளி, அதில் பாலே கிடையாது என்று விளக்கினேன். “பேர் கள்ளிதானே” என்றாள். அதன்பின் நான் பேசவில்லை.

பழங்காநத்தம்

நுனி கூர்மையான யூக்கா வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. இலை நுனிகளை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது. பந்து எடுக்கக் குனிந்த என் பையனுக்குக் கண்ணிமைக்கு ஒரு நூல் மேலே குத்தியது. ஒரு நூல் கீழே என்றால் இதை எழுதும் மனநிலையில் இருந்திருக்க மாட்டேன். நாய், பூனை வளர்ப்பவர்களும் கவனியுங்கள். இலையைக் கடித்தால் வாந்தி எடுக்கும். அமெரிக்கப் பழங்குடியினர் தலைக்குத் தேய்த்தது யூக்கா வேரைத்தான், நம் பூந்திக்கொட்டைபோல. நுரைக்கிற பொருள் வயிற்றுக்குள் போனால் சும்மா இருக்குமா?

மேலூர்

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. மாவுப்பூச்சி என்று நினைத்து விரலால் நசுக்கினேன். விரல் ரத்தச் சிவப்பு. முள் குத்திவிட்டது என்று பதறி, கழுவிப் பார்த்தால் காயமே இல்லை. அது கொச்சினீல் பூச்சி.

இந்தப் பூச்சிக்கும் நம் நாட்டுக்கும் பழைய கணக்கு இருக்கிறது. சாயத்துக்காகக் கம்பெனிக் காலத்தில் 1795-இல் கொண்டு வந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனம் இல்லை; ஆனால் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. பிறகு இன்னொரு வகைக் கள்ளி நிலமெல்லாம் பரவிப் பயிர்செய்ய விடாமல் அடித்தது. அதை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியை வரவழைத்தார்கள். அது வந்த வேலையை முடித்தது. அன்றைக்கு அரசாங்கம் விருந்தாளியாக அழைத்த பூச்சியை இன்றைக்கு நான் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் வைத்துத் துரத்துகிறேன். வேப்பெண்ணெய் அடிப்பதானால் சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்து இரண்டு செடியைப் பொசுக்கியிருக்கிறேன்.

நாகமலை அடிவாரம்

எல்லோரும் தண்ணீரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். என் செடிகள் செத்தது தாகத்தில். ‘பாலைவனச் செடி, மாதம் ஒரு முறை ஊற்று’ என்று எங்கோ படித்ததை வேதமாக எடுத்துக்கொண்டு அக்கினி நட்சத்திரம் முழுவதும் ஊற்றாமல் விட்டேன். நிலத்தில் இருக்கிற யூக்கா வேரை ஆழத்துக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளும். பத்து அங்குலத் தொட்டியில் இருப்பது எங்கே போகும்? அடி இலைகள் சருகாகி, தண்டு சுருக்கம் விழுந்து போயிற்று. கோடையில் நான் இப்போது வாரம் ஒரு முறை, பொழுது சாய்ந்து தளம் ஆறிய பிறகு ஊற்றுகிறேன். கள்ளியும் கற்றாழையும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு விடும். மதுரையில் மே மாத இரவும் அனலாக இருப்பதால் அவை அந்த மாதத்தில் வளர்வதில்லை, உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. அப்போது உரம் போடாதீர்கள்.

ஊற்றலாமா, வேண்டாமா என்று தெரியத் தென்னை ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டி வந்தால் செம்பைக் கீழே வையுங்கள்.

இணையத்தில் ஜோஷுவா மரத்தின் விதை என்று பத்து வாங்கினேன். அதுவும் யூக்கா இனம்தான், அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் நிற்பது. மூன்று முளைத்தது, நூல்போல இலை விட்டது. பெருமையாகப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அந்தப் பாலைவனத்தில் பல இடங்களில் ஆண்டு மழை 150 மில்லிமீட்டரைத் தொடாது. இங்கே சுமார் 850, அதிலும் கணிசமான பங்கு ஐப்பசி கார்த்திகையில். மூன்றும் கார்த்திகை தீபத்துக்குள் போய்விட்டன. இனி வாங்க மாட்டேன்.

ஒத்தக்கடை, ஓய்வு பெற்றவன்

நாகமலைக்காரர் சொல்வது சரி. வாரம் ஒரு முறை என்றாரே, அது மண்தொட்டிக்கு. பிளாஸ்டிக் தொட்டி என்றால் அவரே சொன்ன ஈர்க்குச்சியை நம்புங்கள், கிழமையை நம்பாதீர்கள். ஐப்பசி பிறந்ததும் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தூக்க முடியாத தொட்டியை அடியில் இரண்டு செங்கல் வைத்துச் சற்றே சாய்த்துவிடுங்கள்.

யூக்கா பூத்தும் ஏன் காய்க்கவில்லை என்று சிலர் என்னிடம் நேரில் கேட்டார்கள். அதன் ஊரில் ஒரு குட்டி வெள்ளை அந்துப்பூச்சி மகரந்தத்தை உருண்டையாக உருட்டிக் கொண்டுபோய்ச் சூல்முடியில் திணிக்கும், அதே பூவில் முட்டையும் இடும். அதன் புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும், மீதி செடிக்கு. அந்தப் பூச்சி இங்கே இல்லை. கட்டையை வெட்டி நட்டுக்கொள்ளுங்கள்.

திருநகர், மொட்டைமாடி

எல்லோருக்கும் நன்றி. பதினோராம் நாள் வெட்டுவாய் காய்ந்து தக்கைபோல ஆகியிருந்தது. ஐயா சொன்ன கலவையில், மானாமதுரைத் தொட்டியில் நட்டுவிட்டேன். தட்டைத் தூக்கி எறிந்தேன். இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று வீட்டில் அறிவித்தேன்.

நான்காம் நாள் மண் ஈரமாக இருந்தது. விசாரித்தால் அம்மா. “பச்சைச் செடி, பார்த்துக்கொண்டே எப்படிச் சும்மா இருப்பது?” என்றார். வாசலில் திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட சோற்றுக்கற்றாழை எட்டு மாதமாக மண்ணும் தண்ணீரும் இல்லாமல் இருக்கிறதே, அதற்கு மட்டும் ஏன் ஊற்றவில்லை என்று கேட்டேன். “அது சாமிக்குக் கட்டியது, இது நாம் வளர்ப்பது” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லாததால் மாடியில் இருந்த செம்பை எடுத்து ஒளித்து வைத்தேன்.

இன்று காலை டம்ளரில் ஊற்றியிருக்கிறார்.