ஒன்பது வயது மகளுக்கு இரவு 11 மணி ஷூட்டிங்

கேள்வி: டிவி பாட்டுப் போட்டிக்காக மகளோடு மதுரையிலிருந்து சென்னை வந்து 2 மாதம் ஆகிறது. நேற்று இரவு 11 மணிக்கு மேக்கப் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். எழுப்பிப் பாட வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன், மனசு ஆறவில்லை. எதிர்த்துக் கேட்டால் வாய்ப்பு போய்விடுமா?

பதில்: கேளுங்கள் அக்கா. 2017 குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தைக் கலைஞருக்கு ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான். ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கலெக்டர் அனுமதி வாங்கினார்களா என்றும் கேளுங்கள்.

பதில்: வருமானம் வந்தால் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கியில் போட வேண்டும். என் மகன் சீரியலில் சம்பாதித்ததை வீட்டுக் கடனுக்குக் கட்டினோம். இப்போது அவன் காலேஜ் ஃபீஸுக்கு அலைகிறேன்.

கேட்டவர்: சரி, நாளைக்கே கேட்கிறேன். காலையில் "ஊருக்குப் போலாமா அம்மா" என்றாள்.