ஃபில்டர் கழற்றிய கேனனில் ஓரியன் நெபுலா: நிறம் பிடிபடவில்லை

மலைப்பாதை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 600டி. முன்பு வைத்திருந்தவர் சென்சாருக்கு முன்னால் இருந்த, சிவப்பைக் குறைக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடி போட்டிருக்கிறார். 200 எம்எம் லென்ஸ், எஃப் 4, ஐஎஸ்ஓ 800, வானத்தோடு சேர்ந்து சுழலும் டிராக்கர் மேல் வைத்து இரண்டிரண்டு நிமிட எக்ஸ்போஷர். இடம் ஜவ்வாது மலை, காவலூர் பக்கம். ஃப்ரேமின் கீழே எம் 42 (அதுதான் ஓரியன் நெபுலா), மேலே ஓரியன் இடுப்புப் பட்டை நட்சத்திரமான ஆல்நிடாக்கும் குதிரைத்தலை நெபுலாவும்.

கேமரா திரையில் எல்லாமே செம்மண் குட்டையில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. சிரில் மென்பொருளில் படங்களை ஒன்றாக அடுக்கிய பிறகு ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச வரைபடத்தில்) மூன்று நிறங்களின் உச்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தினேன். வானம் கறுப்பாகிவிட்டது, சரி. ஆனால் நட்சத்திரங்கள் எல்லாம் ரோஸ் நிறம், குதிரைத்தலைக்குப் பின்னால் இருக்கும் சிவப்புத் திரையும் பாதி காணோம். கேமராவிலேயே கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்திருக்க வேண்டுமா? அடுத்த அமாவாசைக்குள் தெரிந்தால் நல்லது.

கூதிர்காலம்:
ரா (சென்சார் தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பு) தானே எடுக்கிறீர்கள்? அப்படியென்றால் கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸ் திரையில் பார்ப்பதற்கு மட்டும்தான், பதிவாகும் தகவல் மாறாது. கேமரா திரையில் தெரியும் சிவப்பு கண்ணை உறுத்தினால் பகல் வெயிலில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுத்து அதைக் கஸ்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம்: வெறும் கண்ணாடி என்றால் அகச்சிவப்பும் சேர்ந்து உள்ளே வருகிறது. லென்ஸ் அந்த ஒளியை வேறு இடத்தில் குவிக்கும், நட்சத்திரங்கள் சிவப்பாக ஊதிப்போகும். முன்னால் அதைத் தடுக்கும் யுவி ஐஆர் கட் ஃபில்டர் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

மலைப்பாதை:
அது இருக்கிறது அண்ணே. நெபுலாவின் சிவப்பான 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி தாராளமாக வருகிறது, நட்சத்திரமும் ஊதவில்லை. நிறம்தான் பிரச்சினை.

பழைய பைனாகுலர்:
தம்பி, இதில் இரண்டு வேலை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் படங்கள் கெட்டுப்போகின்றன.

உச்சியை நகர்த்துவது கழித்தல். வானத்தின் பொதுவான வெளிச்சத்தை ஒவ்வொரு நிறத்திலிருந்தும் கழிக்கிறீர்கள். அதனால் வானம் நடுநிலையாகும், அவ்வளவுதான். ஃபில்டர் போனதால் சென்சாருக்கு வந்த சிவப்புச் சாய்வு நட்சத்திரங்களில் அப்படியே நிற்கும். அதைச் சரிசெய்வது பெருக்கல்: சிவப்பை இத்தனை மடங்கு, நீலத்தை இத்தனை மடங்கு என்று. அந்த எண்களை நெபுலாவைப் பார்த்தோ வானத்தைப் பார்த்தோ எடுக்கக் கூடாது, நட்சத்திரங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். நெபுலா சிவப்பாக இருப்பது அதன் இயல்பு, மென்பொருள் அதையே குறை என்று எண்ணிக் கழித்துவிடும். உங்கள் ஃப்ரேமில் மேல்பாதி முழுக்க மெல்லிய ஹைட்ரஜன். அதையும் வானம் என்று எடுத்துக்கொண்டதால்தான் அந்தத் திரை பாதியானது.

சிரிலில் நான் செய்கிற வரிசை இது. அடுக்கியதும் ஓரங்களை வெட்டுவேன். பிறகு பின்னணி நீக்கம். வானத்தின் வெளிச்சத்தை அளக்கும் புள்ளிகளைத் தானாகப் போட விட்டால் நாலு புள்ளி நெபுலா மேலேயே உட்காரும், அவற்றைக் கையால் நீக்க வேண்டும். பின்னணி எவ்வளவு வளையலாம் என்று சொல்லும் பாலினாமியல் டிகிரியை ஒன்றுக்கு மேல் ஏற்ற மாட்டேன். காவலூரில் வடமேற்கே வாணியம்பாடி வெளிச்சம் உண்டு, நள்ளிரவுக்குப் பின் ஓரியன் மேற்கே சாயும்போது அது ஒரு பக்கமாக ஏறும். அந்தச் சாய்வுக்கு டிகிரி ஒன்றே போதும். அடுத்து பிளேட் சால்வ் (படம் வானத்தின் எந்தப் பகுதி என்று மென்பொருள் கண்டுபிடிப்பது), அப்புறம் போட்டோமெட்ரிக் கலர் கேலிப்ரேஷன். உங்கள் நட்சத்திரங்களைப் பட்டியலில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டு அதுவே பெருக்கும் எண்களைக் கண்டுபிடிக்கும். இவ்வளவும் ஸ்ட்ரெட்ச் (மங்கலானதைத் தெரியும்படி வெளிச்சமாக்குவது) செய்வதற்கு முன்னால். ஸ்ட்ரெட்ச் செய்த படத்தில் இந்தக் கணக்குப் பொருந்தாது.

பளிச்சென்ற நாலு நட்சத்திரத்தைப் பார்த்து இதுதான் வெள்ளை என்று கையால் வைத்துவிடாதீர்கள். ஓரியன் இடுப்புப் பட்டையில் இருப்பவை எல்லாம் நீல நட்சத்திரங்கள். அவற்றை வெள்ளையாக்கினால் படம் முழுக்க மஞ்சள் ஏறும்.

சரியாக வந்ததா என்று பார்க்க உங்கள் ஃப்ரேமிலேயே வழி இருக்கிறது. ஆல்நிடாக்கின் ஒரு பக்கம் தீச்சுடர் நெபுலா, இன்னொரு பக்கம் குதிரைத்தலை. குதிரைக்குப் பின்னால் இருப்பது ஹைட்ரஜனின் சுத்தச் சிவப்பு. தீச்சுடர் தூசி வழியாக வருவதால் கொஞ்சம் ஆரஞ்சு, கொஞ்சம் பழுப்பு. எம் 42க்குச் சற்று மேலே இருக்கும் என்ஜிசி 1977 நீலம், அது நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்பும் தூசி. தீச்சுடரும் குதிரையும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

ஃபிளாட் (லென்ஸின் ஓர இருட்டையும் தூசித் தடத்தையும் சரிசெய்ய எடுக்கும் வெற்றுப் படம்) எடுக்கிறீர்களா? லென்ஸ் வாயில் வெள்ளை வேட்டியை மடித்துச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடியற்கால வானத்தைப் பார்த்து வையுங்கள். வானம் நீலமாக இருக்கிறதே என்ற பயம் வேண்டாம், அதனால் வரும் சாயல் கேலிப்ரேஷனில் சரியாகிவிடும்.

நிலாமுற்றம்:
எனக்கு ஒரு சந்தேகம். ஊர்க் கோடியில் ஆறு அங்குல டெலஸ்கோப்பில் எம் 42 பார்த்தால் பச்சை கலந்த சாம்பலாகத்தான் தெரிகிறது. படத்தில் மட்டும் ரோஸும் சிவப்பும். அப்புறம் எதைச் 'சரியான' நிறம் என்கிறீர்கள்? ஃபில்டர் கழற்றாத என் நிகானில் எம் 42 நன்றாகவே வருகிறது, கேமராவைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய பைனாகுலர்:
எம் 42க்குப் பிரிக்கவே வேண்டாம், அவ்வளவு பிரகாசம் அது. குதிரைத்தலைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் பார்த்த பச்சை பொய்யல்ல. இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, 500 நானோமீட்டர் பக்கம்தான் கூர்மை. அங்கேதான் ஆக்சிஜனின் 500.7 கோடு இருக்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது கண்ட பச்சைக் கோடு அது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன்தான் அது என்று 1927இல் ஐரா போவன் விளக்கினார். அதனால் 'பச்சை நீக்கு' பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எம் 42 நடுப்பகுதியின் நீலப்பச்சையும் அதோடு போய்விடும். வானத்தில் பச்சை இரைச்சல் இருந்தால் மற்ற இடத்தை மறைக்கும் மாஸ்க் போட்டு வானத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

மலைப்பாதை:
பழைய கோப்பையே நீங்கள் சொன்ன வரிசையில் மறுபடி ஓட்டினேன் ஐயா. தீச்சுடர் ஆரஞ்சாக வந்துவிட்டது! குதிரைக்குப் பின்னால் சிவப்பும் திரும்பிவிட்டது. எம் 42 நடுவில் மட்டும் வெறும் வெள்ளை, எந்த நிறமும் இல்லை. இதற்கும் கேலிப்ரேஷன்தானா?

கூதிர்காலம்:
இல்லை, அங்கே மூன்று நிறமும் நிரம்பி வழிந்துவிட்டது. நடுவில் இருக்கும் டிரபீசியம் நட்சத்திரக் கூட்டம் அவ்வளவு பிரகாசம், இரண்டு நிமிடம் தாங்காது. அடுத்த முறை அதே ஃப்ரேமில் 5 நொடி, 20 நொடி என்று தனித்தனியாக ஒரு இருபது படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு தொகுப்பையும் தனியாக அடுக்கி, ஒரே மாதிரி கேலிப்ரேட் செய்து, நடுப்பகுதியை மட்டும் மாஸ்க் வைத்துச் சேர்க்கலாம்.