டைம்அவுட்டுக்குப் பிறகு விண்டோ 1-லேயே நிற்கிறது, உதவி தேவை

குலசேகரம்_காரன்: அவசரம். கன்ஜெஷன் கன்ட்ரோல் (நெட்வொர்க் நெரிசலுக்கு ஏற்ப அனுப்பும் அளவைக் கூட்டிக் குறைப்பது) கோடில் உபரியாக இருந்த ஸ்டேட் வேரியபிள்களை எடுத்தேன். ஸ்லோ ஸ்டார்ட்டுக்கு (விண்டோ இரட்டிப்பாக ஏறும் கட்டம்) தனிக் கொடி எதற்கு, சிவிண்ட் (பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு, அதாவது விண்டோ) எஸ்எஸ்த்ரெஷைவிட (அந்தக் கட்டம் முடியும் வரம்பு) குறைவா என்று பார்த்தால் போதுமே. தொலைந்ததைத் திரும்ப அனுப்பி மீளும் கட்டத்தில் இருக்கிறோமா என்று சொல்லும் ரிக்கவரி கொடியையும் அதேபோல் தூக்கினேன். இப்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒழுங்காக மீள்கிறது, பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் மட்டும் விண்டோ ஏறவே மாட்டேன் என்கிறது. நாளை போர்டைத் திரும்ப மாட்டணும்.

தக்கலை_நெட்: எந்தக் கோடு? கெர்னலா, சொந்தமா? எந்த முறை, ரீனோவா, க்யூபிக்கா? கொடிக்குப் பதில் போட்ட வரியைக் காட்டுங்கள்.

மார்த்தாண்டம்_மணி: சீக்வென்ஸ் நம்பர் (அனுப்பும் டேட்டாவின் வரிசை எண்) உச்சத்தைத் தாண்டிச் சுழியத்துக்குச் சுற்றி வந்திருக்கும். 32 பிட், நேரடியாக ஒப்பிடக் கூடாது, கழித்துக் குறி பார்க்கணும். எனக்கு இதில் மூன்று நாள் போனது.

பழைய_கெர்னல்: எது உபரி என்று தெரியாமல் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். மற்றதிலிருந்து எப்போதும் கணக்கிட முடிந்தால்தான் உபரி. லினக்ஸில் லெஃப்ட்அவுட் தனியாக இருந்தது, சாக்டுஅவுட்டையும் (இடையில் விட்டுப் போய்ச் சேர்ந்தவை) லாஸ்ட்அவுட்டையும் (தொலைந்தவை) கூட்டினால் அதுவே வரும் என்பதால் எடுத்தார்கள். பழைய எஸ்எஸ்த்ரெஷை வைக்கும் வேரியபிளை எடுக்கவில்லை, நடந்து முடிந்ததை எதிலிருந்து கணக்கிடுவது? முதலில் நியூரீனோ முறையின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 6582-ஐ முழுசாகப் படியுங்கள்.

குலசேகரம்_காரன்: சொந்தக் கோடு, யூடிபி மேல் நியூரீனோ. ரப்பர் தோட்டத்து மழைமானி 4ஜியில் அனுப்புகிறது. வரி இதுதான்: ரிக்கவரியில் இருக்கிறோம் = உனா < ரிக்கவர். உனா என்பது இன்னும் ஆக் (வந்து சேர்ந்தது என்ற பதில்) வராத முதல் எண், ரிக்கவர் என்பது ரிக்கவரி தொடங்கியபோது அதுவரை அனுப்பிய கடைசி எண். எண் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டேன், அது இல்லை.

குளச்சல்_கடல்: மக்கா, அங்கே மழை பெய்தால் 4ஜி நிற்காது. புரோகிராமைக் குறை சொல்லாதே.

மார்த்தாண்டம்_மணி: மழைத்துளி 4ஜியை ஒன்றும் செய்யாது, நனைந்த இலைதான் சிக்னலைத் தின்னும். ஆன்டெனாவை மரத்துக்கு மேலே ஏற்றணும்.

குளச்சல்_கடல்: கரண்ட் போய் டவர் பேட்டரியும் தீர்ந்தால் எங்கே ஏற்றி என்ன? மழைக்காலத்தில் எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறேன்.

தக்கலை_நெட்: ஆன்டெனாவுக்குத் தனி இழை போடுங்கள். தம்பி, தப்பு அந்த வரியில்தான். டைம்அவுட் ஆனால் அதுவரை அனுப்பிய கடைசி எண்ணை ரிக்கவரில் குறித்துவிட்டு, ஃபாஸ்ட் ரிக்கவரியை விட்டு வெளியே வரணும் என்கிறது 6582. அந்த நேரத்தில் உனா ரிக்கவரைவிடக் குறைவுதான், ஆனால் நாம் ரிக்கவரியில் இல்லை. உங்கள் கோடு இருப்பதாக நினைத்து, வருகிற ஒவ்வொரு ஆக்கையும் பார்ஷியல் ஆக்காக (ரிக்கவர் வரை எட்டாத ஆக்) எடுத்து, விண்டோவிலிருந்து ஆக் ஆன அளவைக் கழித்து ஒரு செக்மென்ட்டை (ஒரு பாக்கெட் அளவு டேட்டா) திரும்பச் சேர்க்கிறது. 1-ஐ விட்டு எப்படி நகரும்? ஒரு பாக்கெட் தொலையும்போது இரண்டும் ஒத்துப்போவதால் தெரியவில்லை. அந்த ஒரு பிட்டை வேறு எதிலிருந்தும் எடுக்க முடியாது, திரும்ப வையுங்கள்.

பழைய_கெர்னல்: அதைத்தான் படிக்கச் சொன்னேன்.

குலசேகரம்_காரன்: வைத்தேன் அண்ணே. விண்டோ 1, 2, 4, 8 என்று ஏறுகிறது. ஸ்லோ ஸ்டார்ட் கொடியைத் திரும்ப வைக்கவில்லை. தோட்டத்துக்குக் கிளம்புகிறேன்.