ரேம், எஸ்எஸ்டி மாட்டும்போது ஸ்டாடிக் பயம்: ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டாயமா?

புதுபில்டர்:
மதர்போர்டை மாற்றி, கூடவே 2 ரேம் ஸ்டிக், ஒரு எம்.2 எஸ்எஸ்டி போடப் போகிறேன். ஏசி அறை, தரையில் கார்ப்பெட். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சில சமயம் சுள்ளென்று அடிக்கிறது. ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் கட்டி, உடம்பில் சேரும் ஸ்டாடிக் சார்ஜை ஒயர் வழியாக வெளியேற்றும் பட்டை) கட்டாமல் கேபினெட்டைத் தொட்டுக்கொண்டால் போதுமா? எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) பிளக் சுவரில் இருக்கலாமா, பிடுங்கிவிட வேண்டுமா? போர்டு வந்த வெள்ளிக் கவர் மேலேயே வைத்து ஆன் பண்ணிப் பார்க்கலாமா?

சாலிடர்வாசம்:
சுள்ளென்று உறைத்தால் அது ஏறக்குறைய 3,000 வோல்ட். அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கைக்குத் தெரியாது. சில சிப்புகளுக்கோ சில நூறு வோல்ட்டே அதிகம். அதனால் "ஷாக் அடிக்கவில்லை, தப்பித்தோம்" என்ற கணக்கு செல்லாது. அடி வாங்கிய சிப் உடனே சாகாமல், அரைகுறையாகப் பழுதாகிச் சில மாதம் கழித்துக் கைவிடுவதும் உண்டு.

முதலில் கார்ப்பெட்டை விட்டு வெளியே வாருங்கள். வெறும் தரை, பருத்திச் சட்டை. கேபினெட்டைத் தொடுவது சரிதான், ஆனால் பெயின்ட் மேல் தொட்டுப் பயனில்லை. பின்பக்கம் பெயின்ட் இல்லாத தகடு, எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூ மாதிரி இடம் வேண்டும். ஒரு தடவை தொட்டால் முடிந்துவிடாது: நாற்காலியிலிருந்து எழுந்தாலே உடம்பில் மறுபடி ஏறிவிடும். ரேம் கவரைப் பிரிக்கும் முன், கவரோடு சேர்த்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் தகட்டைத் தொடுங்கள். பிறகு ஓரத்தைப் பிடித்து எடுங்கள், தங்க நிறக் காலில் விரல் படக் கூடாது.

மல்டிமீட்டர்:
பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நீங்களும் கேபினெட்டும் பாகமும் ஒரே வோல்டேஜில் இருந்தால் பொறி பறக்காது. அதற்கு எர்த் கட்டாயமில்லை. செருகி வைத்தால் எர்த் கிடைக்கும் என்பது சாக்கெட்டில் எர்த் ஒழுங்காக இருந்தால்தான். எர்த் இல்லாத சாக்கெட்டில் எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கேபினெட்டிலேயே மெயின்ஸில் பாதி, அதாவது 230-க்கு 115 வோல்ட் போல நிற்கும். புறங்கையால் தடவினால் கிர்ரென்று இருக்குமே, அதுதான்.

இன்னொன்று, "ஸ்டாடிக்கில் போச்சு" என்று பழி விழும் ரேம்களில் சில உண்மையில் 5 வோல்ட் ஸ்டேண்ட்பை (பிசி ஆஃபில் இருந்தாலும் பிளக் செருகியிருந்தால் போர்டுக்கு வரும் கரன்ட்) இருக்கும்போது செருகப்பட்டவை. பிளக்கைப் பிடுங்கியதும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். போர்டில் எல்இடி இருந்தால் அது அணையும் வரை எதையும் தொடாதீர்கள்.

ஸ்ட்ராப் வாங்கினால் ஒயர் உள்ளதாக வாங்குங்கள், ஒயர்லெஸ் வளையம் வெறும் அலங்காரம். தோலில் படும் உலோகத்துக்கும் க்ளிப்புக்கும் இடையே மீட்டரில் 1 மெகா ஓம் அளவு காட்ட வேண்டும். தவறிக் கரன்ட்டைத் தொட்டால் 230 வோல்ட்டிலும் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போகாமல் தடுப்பது அந்த ரெசிஸ்டர்தான். பூஜ்யம் காட்டினால் கட்டாதீர்கள்.

புதுபில்டர்:
கவர் விஷயம்?

சாலிடர்வாசம்:
வேண்டாம். வெள்ளிக் கவருக்குள் உலோகப் படலம் இருக்கிறது. போர்டு உள்ளே இருந்து வாயும் மூடியிருந்தால்தான் அது காப்பு. மேலே வைத்தால் அடியில் துருத்தும் சாலிடர் முனை படலத்தைக் குத்தி ஷார்ட் ஆகலாம். போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். சில பாகங்களோடு வரும் பிங்க் நிற பிளாஸ்டிக் கவர் தானாகச் சார்ஜ் உண்டாக்காது, ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. தெர்மாகோல் பக்கமே வேண்டாம். பழைய கேபினெட்டில் தூசி தட்ட வீட்டு வேக்குவம் கிளீனரையும் எடுக்காதீர்கள், அதன் பிளாஸ்டிக் மூக்கில் சார்ஜ் தாராளமாகச் சேரும்.